ரப்பர் பட்டைக்கு வெள்ளி பூசாதீர்கள்

எங்கள் தாமானில் பின்வரிசை வீட்டுத் தம்பி ஒருவன், நான்காம் படிவ மாணவன், சென்ற பள்ளி விடுமுறையில் ஒரு சப்பாத்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுப் பின்கட்டுக்கு வந்தான். உள்ளே 35இல் ஒரு பங்கு அளவில் அவன் ஒட்டிய போலந்துக் கவச வண்டி. முன்னால் சக்கரம், பின்னால் பட்டை. ஹாஃப் டிராக் என்கிறார்களே, அந்த வகை. உடல் வேலை நன்றாக இருந்தது. ஆணித் தலைகள் ஒன்றுகூட மழுங்கவில்லை. ஆனால் பட்டையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. காய்ந்த தூரிகையில் வெள்ளி நிறத்தைத் தொட்டு, பட்டையின் மேடுகளில் எல்லாம் தேய்த்து, தேய்ந்த எஃகு போல மினுக்கி வைத்திருந்தான்.

"தம்பி, இந்தப் பட்டை எதனால் ஆனது?" என்று கேட்டேன்.

"இரும்புதானே, ஐயா?"

"ரப்பர்."

அவன் பாட்டியும் என் அம்மாவும் ஒரே பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, ஒரே கித்தாக் காட்டில் பால் வெட்டியவர்கள். அந்தக் குடும்பத்துப் பிள்ளைக்கே ரப்பர் தெரியவில்லை என்றால் யாரைச் சொல்லி என்ன பயன்? சுங்கை சிப்புட்டைச் சுற்றி இப்போது செம்பனைதான் நிற்கிறது. பால்மரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கோலகங்சாருக்குப் போய், 1877இல் நட்டதாகப் பலகை வைத்திருக்கும் அந்தக் கிழட்டு மரத்தைத்தான் காட்டவேண்டியிருக்கிறது. அதனால் அவனுக்குச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். நான் தோட்டத்து மோட்டார் பட்டறையில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவன். டிராக்டரும் புல்டோசரும் என் கையில் கழன்று மாட்டப்பட்டவை. மாதிரி வண்டி ஒட்டுவது ஓய்வுக்குப் பிறகு பிடித்துக்கொண்ட பைத்தியம்.

முதல் வேலை, கையில் இருக்கும் வண்டியின் பட்டை எந்தக் குடும்பம் என்று கண்டுபிடிப்பது. இரண்டு உலகப் போர்களுக்கு இடையே வந்த ஹாஃப் டிராக்குகளில் பெரிய குடும்பங்கள் இரண்டு. ஒன்று ரப்பர் பட்டை, மற்றது எஃகுக் கண்ணிகளைக் கோத்த சங்கிலி. இரண்டும் தொங்கும் விதம் வேறு, தேயும் விதம் வேறு, அழுக்காகும் விதமும் வேறு.

ரப்பர் பட்டையின் தகப்பன் அடால்ஃப் கெக்ரெஸ் என்ற பிரெஞ்சுக்காரர். ரஷ்யப் பேரரசர் இரண்டாம் நிக்கோலாஸின் கார் கொட்டகையைப் பார்த்துக்கொண்டவர். பனியில் புதையாமல் ஓடவேண்டும் என்று மகாராஜாவின் கார்களுக்குப் பின்சக்கரத்தை எடுத்துவிட்டு வளையும் பட்டையை மாட்டினார். 1917 புரட்சியில் மகாராஜா போனார், பட்டை போகவில்லை. புட்டிலோவ் ஆலையில் ஆஸ்டின் கவச வண்டிகளுக்கு அதே பட்டையை மாட்டினார்கள். லெனினுக்குக் கிடைத்த ரோல்ஸ் ராய்ஸ் காருக்கும் பின்னால் கெக்ரெஸ் பட்டை, முன்னால் பனிச்சறுக்குக் கட்டை. மாஸ்கோவுக்கு அருகே கோர்க்கியில் அந்தக் கார் இன்றும் நிற்கிறது. கெக்ரெஸ் பிரான்சுக்குத் திரும்பி சிட்ரோவென் நிறுவனத்தோடு சேர்ந்தார். 1922 டிசம்பரில் ஐந்து சிட்ரோவென் கெக்ரெஸ் வண்டிகள் அல்ஜீரியாவின் துகூர்த்திலிருந்து கிளம்பி, சஹாராவைக் கடந்து, 1923 ஜனவரியில் திம்புக்டுவை அடைந்தன. அதன்பின் பல நாட்டுப் படைகளுக்கும் அந்தப் பட்டைமேல் ஆசை வந்துவிட்டது.

தம்பி ஒட்டியது அந்த வழியில் வந்த வண்டிதான். போலந்துக்காரர்கள் சிட்ரோவென் கெக்ரெஸ் அடிச்சட்டத்தின்மேல் தகடு போர்த்தி, 'வ்ஸூர் 28' என்று பெயர் வைத்தார்கள். வ்ஸூர் என்றால் மாதிரி என்று பொருள். சுமார் 90 வண்டிகள் செய்தார்கள். வேகம் போதவில்லை, பட்டையும் சீக்கிரம் தேய்ந்தது. 1934 முதல் அவற்றின் பட்டையைக் கழற்றிவிட்டுச் சாதாரணப் பின்சக்கரம் மாட்டி, வ்ஸூர் 34 ஆக்கிவிட்டார்கள். 1939இல் ஜெர்மனி படையெடுத்தபோது களத்தில் ஓடியவை அந்தச் சக்கர வண்டிகள். ஆகவே 1939 போர்க்களக் காட்சியில் பட்டை மாட்டிய வண்டியை நிறுத்தாதீர்கள். விஷயம் தெரிந்தவர் ஒருவர் எங்கேயாவது இருப்பார். அவர் சும்மா இருக்கமாட்டார்.

பிரெஞ்சுக்காரர்களின் ஷ்னைடர் பி 16 இதே குடும்பம். அமெரிக்கர்களும் 1931இல் ஒரு சிட்ரோவென் கெக்ரெஸ் வண்டியை வாங்கிப் பிரித்துப் படித்தார்கள். பின்னாளில் வந்த அவர்களுடைய எம் 3 ஹாஃப் டிராக்கின் பட்டையும் கண்ணி இல்லாத ஒரே ரப்பர் வளையம்தான். உள்ளே எஃகுக் கம்பிவடம் ஓடும்.

ஜெர்மானியர்கள் வேறு வழியில் போனார்கள். அவர்களுடைய 251 எண் கவச வண்டியில் எஃகுக் கண்ணிகள், ஒவ்வொரு மூட்டிலும் ஊசி உருளை பேரிங், அதற்கு மசகு, தரையில் படும் பக்கம் ரப்பர் திண்டு. அழகான வேலைப்பாடு. ஆனால் பட்டறையில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், அத்தனை மூட்டுக்கும் மசகு வைத்தவனின் சாபம் அந்த வண்டியை வடிவமைத்தவரைச் சும்மா விட்டிருக்காது.

எஃகுச் சங்கிலியைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. அதற்கு வழிகாட்ட ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். ஒரு கணக்கை மட்டும் நினைவில் வையுங்கள். 251இன் கண்ணி அகலம் 280 மில்லிமீட்டர், மூட்டுக்கு மூட்டு 140. 35ஆல் வகுத்தால் 8, 4. மிச்சமே இல்லை. கையில் இருக்கும் கண்ணிகளில் பத்தைக் கோத்து அளந்தால் 40 மில்லிமீட்டர் வரவேண்டும். வராவிட்டால் மூட்டில் எங்கோ பிசிறு நிற்கிறது. மேலே சங்கிலியைத் தாங்கத் தனி உருளை கிடையாது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பெரிய சக்கரங்களின் தலையிலேயே அது படுத்துக்கொள்ளும். முன்பல்சக்கரத்துக்கும் முதல் சக்கரத்துக்கும் இடையே லேசாகத் தொங்கட்டும். புல்டோசரில் நாங்கள் சங்கிலியின்மேல் நீளப் பலகையை வைத்து, தொய்வு இரண்டு விரல் கடைக்கு மேல் போனால் மசகுத் துப்பாக்கியை எடுப்போம். எடையுள்ள சங்கிலி தொங்கத்தான் செய்யும்.

ரப்பர் பட்டை அப்படித் தொங்காது. கெக்ரெஸின் ஆரம்பப் பட்டைகளை இழுத்தது பல் அல்ல, உராய்வு. சுழலும் சக்கரம் பட்டையை இறுகப் பிடித்தால்தான் வண்டி நகரும். சேறும் ஈரமும் சேர்ந்தால் வழுக்கும். எங்கள் பழைய அரவை ஆலையில் மழைநாளில் எஞ்சின் பெல்ட் வழுக்கிக் கிறீச்சிடும், யாராவது ஓடிப்போய் பிசின் தூள் தூவுவார்கள். அதே நோய்தான். ஆகவே உங்கள் பட்டை மேலே வாழைநார் போலத் தளர்ந்து கிடந்தால், அந்த வண்டி பட்டறை வாசலைக்கூடத் தாண்டியிருக்காது. பார்வைக்கு இறுக்கமாக இருக்கவேண்டும். இதுதான் மாதிரி வண்டியில் கடினமான இடம்.

பெட்டியோடு வரும் வினைல் பட்டை சில சமயம் கோணலாக இருக்கும், சில சமயம் நீளம் கூடியிருக்கும். நான் ஒருமுறை தபாலில் வாங்கிய பெட்டியில் இரண்டு பட்டையும் வலப்பக்கத்துக்கே இருந்தன. கடைக்கு மூன்று கடிதம் எழுதினேன், பதில் இல்லை. அந்தக் கோபத்தில்தான் சொந்தமாகச் செய்யத் துணிந்தேன்.

முதலில் அசல் பாலிலேயே வார்க்கப் பார்த்தேன். தெரிந்தவர் ஒருவர் சிறுதோட்டத்தில் இன்னும் பால் வெட்டுகிறார். ஒரு மங்குப் பால் வாங்கி வந்து, களிமண் அச்சில் ஊற்றி, பார்மிக் அமிலம் இரண்டு சொட்டு விட்டேன். அழகாக உறைந்தது. ஆனால் மரத்துப் பாலில் மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மீதி பெரும்பாலும் தண்ணீர். காய்ந்ததும் பட்டை சுருங்கி, அச்சில் ஆடிக்கொண்டு நின்றது. அதையும் பொறுத்து மாட்டினேன். கந்தகம் சேர்த்துச் சூடேற்றாத பச்சை ரப்பர் அல்லவா, மூன்றே மாதத்தில் பிசுபிசுத்து, சக்கரத்தோடு ஒட்டி, தூசியெல்லாம் தின்றுவிட்டது. "வாழ்நாள் பூராவும் உங்கள் அம்மா வெட்டியது போதாதா?" என்று வீட்டில் கேட்டார்கள். பதில் சொல்ல வாய் வரவில்லை.

பிறகு கிடைத்ததுதான் கப்சாய் டியூப். சிறிய மோட்டார் சைக்கிளின் உள் டியூப். பஞ்சர் கடையில் வீசிவிடுவார்கள், ஒரு கோப்பிக் காசு கொடுத்தால் மூன்று தருவார்கள். அதை நீளவாக்கில் வெட்டிப் பட்டையாக்காதீர்கள், குறுக்கே வெட்டுங்கள். குறுக்கே வெட்டினால் இணைப்பே இல்லாத வளையம் கிடைக்கும். அசல் பட்டையும் அப்படித்தானே.

சக்கரங்களை எல்லாம் மாட்டியபின் ஒரு மெல்லிய காகித நாடாவை அவற்றைச் சுற்றி இழுத்துப் பிடித்து, முனை சேரும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். என் வண்டிக்கு 106 மில்லிமீட்டர் வந்தது. டியூப்பைத் தட்டையாக அமுக்கி அகலத்தை அளந்தேன்: 52. இரண்டால் பெருக்கினால் 104. இரண்டு மில்லிமீட்டர் இழுப்பு போதும். உங்கள் டியூப் பொருந்தாவிட்டால் வேறு அளவு டியூப் தேடுங்கள். வளையத்தை இழுத்துச் சமாளிக்கலாம் என்று எண்ணாதீர்கள். நான் எண்ணினேன். 98 மில்லிமீட்டர் வளையத்தை இழுத்து மாட்டிவிட்டு, விறைப்பாக நிற்கிறதே என்று மகிழ்ந்து தூங்கப் போனேன். ஒரு வாரத்தில் பின்சக்கரத்தின் பிளாஸ்டிக் அச்சு, கிழவன் முதுகு போல உள்பக்கம் வளைந்துவிட்டது. ரப்பர் இழுப்பதை நிறுத்தாது. பிளாஸ்டிக் மெல்ல மெல்ல விட்டுக்கொடுத்துவிடும். அதனால் அச்சுகளுக்குள் மெல்லிய பித்தளைக் கம்பி செருகிவிடுவதும் நல்லது.

டியூப்பை உள்புறம் வெளிப்புறமாகத் திருப்புங்கள். வெளியே அச்சுக் கோடுகளும் எழுத்தும் இருக்கும். உள்ளே வழவழப்பாக இருக்கும். ஆனால் உள்ளே வெள்ளைத் தூள் பூசியிருப்பார்கள். அதைப் பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டுப் பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவாவிட்டால், எந்தப் பசையும் பிடிக்காது. இதை மறந்துதான் முதல் முறை எழுபது துண்டுகளை ஒட்டி, எழுபதையும் தரையில் பொறுக்கினேன்.

வெட்டுவதற்கு ஒரு அங்குலத் தண்ணீர்க் குழாய், வெள்ளை பிவிசி, ஒரு முழம் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வெளிச்சுற்றளவு ஏறத்தாழ 105 மில்லிமீட்டர். என் டியூப்புக்கு அளந்து செய்ததைப் போல அமைந்தது. சோப்புத் தண்ணீர் தடவி டியூப்பை அதன்மேல் ஏற்றுங்கள். ஒரு நேர்விளிம்புக் காகிதத்தைச் சுற்றினால், அதன் ஓரம் தன்னைத்தானே சந்திக்கும் இடத்தில் கோடு நேராக இருக்கும். புது பிளேடை அந்தக் கோட்டில் வைத்துக்கொண்டு, பிளேடை நகர்த்தாமல் குழாயை உருட்டுங்கள். வரைபடத்தைக் குறுக்கிப் பார்த்து நான் ஏழு மில்லிமீட்டர் அகலம் வைத்தேன். ஒரே பிளேடால் இரண்டு வளையத்துக்கு மேல் வெட்டவேண்டாம். மழுங்கிய பிளேடு ரப்பரை வெட்டாது, பிய்க்கும். பிய்த்த ஓரம் கண்ணாடி போட்டுப் பார்க்காமலே தெரியும்.

அடுத்தது மேடுகள். வெளிப்பக்கம் குறுக்கு மேடுகள், உட்பக்கம் நடுவே வழிகாட்டிப் பற்கள். இந்தப் பற்கள் இரட்டைச் சக்கரங்களின் இடையே ஓடிப் பட்டை விலகாமல் காக்கும். எத்தனை மேடு என்று முழுப் பட்டையையும் எண்ண முயலாதீர்கள், பழைய படத்தில் பாதி மறைந்திருக்கும். இரண்டு சக்கர மையங்களுக்கு இடையே எத்தனை என்று எண்ணி, அந்தத் தூரத்தால் மொத்த நீளத்தை வகுத்து, வந்ததை எண்ணிய எண்ணிக்கையால் பெருக்கிக்கொள்ளுங்கள். அதே டியூப்பிலிருந்து ஒரு மில்லிமீட்டர் நாடாக்கள் வெட்டி, துண்டு துண்டாக்கி, வளையத்தைக் குழாயின்மேல் வைத்தபடியே ஒட்டுங்கள். கையில் வைத்து ஒட்டினால் வளைவில் இடைவெளி மாறிவிடும். உடனொட்டிப் பசை ரப்பரை நன்றாகப் பிடிக்கும், குண்டூசி முனையில் தொட்ட அளவு போதும். கூடினால் அந்த இடம் கல்லாகிவிடும்; வளைக்கும்போது அங்கேயே முறியும். இடைவெளி சரியாக வர, என் மனைவியின் உடைந்த சீப்பு ஒன்றை அளவுகோலாக வைத்துக்கொண்டேன். உடைந்தது எப்போது என்று யாரும் கேட்கவேண்டாம்.

உட்பற்களுக்கு வளையத்தைப் புரட்டிக் குழாயில் ஏற்றி, இதேபோல. பொறுமை வேண்டும், ஒரு பக்கப் பட்டைக்கு எனக்கு இரண்டு மாலைகள் பிடித்தன.

மாட்டுவதற்கு முன் சக்கர விளிம்புகளுக்கு இரண்டு பூச்சு வார்னிஷ் கொடுங்கள். ரப்பரானாலும் வினைலானாலும் அதிலிருக்கும் எண்ணெய்ச் சத்து நாளடைவில் பிளாஸ்டிக்கைத் தின்னக்கூடும். பெட்டியோடு வந்த பட்டை பட்ட இடத்தில் சக்கரம் உருகிக் குழிந்ததை நானே பார்த்திருக்கிறேன். மேல் ஓட்டம் எங்கேயாவது துள்ளி நின்றால், தாங்கும் உருளைமேல் பசை ஒரு பொட்டு வைத்து விரலால் அமுக்குங்கள்.

இப்போது நிறம். டியூப் ரப்பருக்கு ரப்பர் நிறம் பூசவேண்டியதில்லை, அது பிறந்த நிறமே போதும். கருமை அதிகம் என்று தோன்றினால் சாம்பல் நிறச் சுண்ணக்கோலை உரைத்து, உலர்ந்த தூரிகையில் தடவுங்கள். பள்ளத்தில் தூசி தங்கும், மேடு தரையில் தேய்ந்து கறுத்தே இருக்கும். எஃகுச் சங்கிலிக்கு நீங்கள் பழகியதற்கு இது நேர் எதிர்: அங்கே மேடு மின்னும், இங்கே மேடு கறுக்கும். வெள்ளி நிறத்தின் மூடியைத் திறக்கவே வேண்டாம். எம் 3 ஒட்டினால் மட்டும் கொஞ்சம் திறக்கலாம். அதன் உட்பற்கள் எஃகு, அவற்றின் பக்கவாட்டில் மினுக்கம் உண்டு. ஜெர்மன் சங்கிலியிலும் வெளித்திண்டு ரப்பர் என்பதை மறந்து எல்லா இடத்திலும் வெள்ளி தேய்க்கிறவர்கள் உண்டு. கண்ணியின் ஓரமும் உட்கொம்பும்தான் மின்னவேண்டும்.

சேற்றுக்கு நான் செய்த தவற்றையும் சொல்லிவிடுகிறேன். தோட்டச் சாலைச் செம்மண்ணைத் தேத்தண்ணீர் வடிகட்டியில் சலித்து, வெள்ளைப் பசையில் குழைத்துப் பூசினேன். பிடிப்பு அருமை, நொறுநொறுப்பும் அசல். என் மருமகன் பார்த்துவிட்டு, "மாமா, இது வார்சாவா, கம்பார் போகும் ரோடா?" என்றார். நம் மண்ணின் சிவப்பு அந்த வண்டிக்கு ஒட்டவில்லை. இப்போது அதே சலித்த மண்ணைப் பசையில் குழைக்கும்போதே பழுப்பும் சாம்பலும் கலந்த வண்ணத்தைச் சேர்த்துவிடுகிறேன். பட்டையின் உட்பக்கமும் சக்கரங்களின் இடுக்கும்தான் சேறு தங்கும் இடம். வெளிமுகத்தில் அப்பிவைக்காதீர்கள், வளையும் ரப்பர் சேற்றை உதறிவிடும்.

தம்பியின் பட்டைக்கு வருவோம். அவன் பூசியது அக்ரிலிக் வண்ணம் என்பதால் பிழைத்தது. பஞ்சுக் குச்சியில் மெத்தில் ஸ்பிரிட் தொட்டு, மேடு மேடாகத் துடைக்கச் சொன்னேன். அரை மணி நேரத்தில் வெள்ளி போய் வினைலின் கறுப்பு வந்தது. சுண்ணக்கோல் தூளை அவனே உரைத்தான். இடப்பக்கப் பட்டை நீளம் கூடித் தொங்கியது. அதற்கு வேறு வழியில்லை, புது வளையம்தான். மீதி டியூப்பை அவனிடமே கொடுத்து அனுப்பினேன். வால்வைச் சுற்றி நான்கு விரல் கடைக்குள் வெட்டாதே, அங்கே ரப்பர் தடிமனாக இருக்கும், பட்டை ஒரு பக்கம் மேடாகிவிடும் என்று தெருமுனைவரை கத்திச் சொன்னேன். கேட்டானா என்பது அடுத்த விடுமுறையில் தெரியும்.